பாட்டுக்கு அடியில் நலங்கு: ஓர் ஏற்காட்டுக் கல்யாண கேசட்டின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடிக்கும் பென் டிரைவுக்கும் மாற்றிக் கொடுப்பதுதான் தொழில். இங்கே எழுதப் போவது ஒரே ஒரு குடும்பத்தின் கேசட்டுகளைப் பற்றி. அவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அந்தக் கல்யாண கேசட்டில் முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாருமே கேட்காத ஒலி ஒன்று இருந்தது. ஹைஃபை என்ற ஒலிமுறை உள்ள கேமராவில் எடுத்து, பிறகு அதே கேசட்டில் சினிமாப் பாட்டு ஏற்றியிருந்தால், யார் வீட்டுக் கேசட்டிலும் அப்படி இருக்க வாய்ப்பு உண்டு. அது தெரியாமல், “அதான் டிவிடி போட்டாச்சே” என்று மூல கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு நாலு பேராவது அதை நிறுத்தி வைத்தால் போதும்.

வந்த நிலை

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட். அங்கே ரைட்டராக இருந்தவருடைய வீடு. அவர் மகளுக்கு 1994 தை மாதம் சேலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மகள் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்துவிட்டார், கேசட்டுகள் மட்டும் மலையிலேயே ஒரு மர பீரோவில் தங்கிவிட்டன. அந்த வீட்டைக் காலி செய்தபோது பேத்தி கண்ணில் பட்டது. மொத்தம் ஏழு. ஆறு விஎச்எஸ், அதாவது அந்தக் காலத்து வழக்கமான பெரிய வீடியோ கேசட், ஒன்று கையடக்கமான 8 எம்எம்.

அந்தப் பெண் முதலில் போனில்தான் பேசினார். “அண்ணா, கேசட் ஜன்னல்ல பார்த்தா உள்ள வெள்ளையா பூசணம் மாதிரி இருக்குங்கண்ணா. ஊர்ல ஒருத்தர் வீட்ல டெக் இருக்கு. துடைச்சுட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுக் கொண்டு வரட்டுங்களா?”

“வேண்டாம்மா. எதுலயும் போடாதீங்க. இருக்கிறபடியே ஒரு பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாம கட்டிக் கொண்டு வாங்க.”

இந்தப் பதிலைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பூசணம் பிடித்த டேப்பை, கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கில் போட்டால், ரீலின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் டேப் இழுபட்டு அறுந்துபோகும். அறுகாமல் ஓடினாலும் பூசணத் துகள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். பழைய டேப்புக்கு முதல் ஓட்டமே கடைசி நல்ல ஓட்டமாக அமைந்துவிடுவது உண்டு. அந்த ஓட்டத்தை “என்ன இருக்குன்னு பார்ப்போம்” என்று வீணாக்கக் கூடாது.

கவரில் கட்டச் சொன்னதற்குக் காரணம் வேறு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அவர்கள் வந்தது டிசம்பர் மாதக் காலை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வருவதற்குள் காற்றின் சூடு எட்டுப் பத்து டிகிரி ஏறிவிடும். குளிர்ந்துபோன டேப் திடீரென்று வெதுவெதுப்பான காற்றில் திறந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். ஈரமான டேப், ஹெட்டுகள் பொருத்திய சுழலும் டிரம்மில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நல்ல டெக்குகளில் ஈரத்தை உணர்ந்து ஓட மறுக்கும் அமைப்பு இருக்கிறது, மலிவான டெக்குகளில் அதை நம்ப முடியாது. அதனால் மலையிலிருந்து வரும் கேசட் எதுவானாலும் மூடிய கவரிலேயே ஒரு நாள் முழுக்கக் கடையில் இருந்து, சேலத்துச் சூட்டுக்குப் பழகிய பிறகுதான் பிரிப்பேன்.

கேசட்டுகளோடு ஒரு டிவிடியும் வந்தது. பல வருஷம் முன்னால் வேறொரு கடையில், கல்யாண கேசட்டில் ஒன்றைக் கொடுத்துப் போட்டு வாங்கியது. மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் அடக்கியிருந்தார்கள். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பேச்சும் உதட்டசைவும் தொடக்கத்தில் சேர்ந்து போய், போகப் போக விலகி, தாலி கட்டும்போது கெட்டிமேளம் தனியாகவும் கை தனியாகவும் இருந்தன. கம்ப்யூட்டருக்குப் படத்தை எடுக்கும் மலிவான கருவி நடுநடுவே பிரேம்களை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். டிஸ்க்கின் மேல் காகித ஸ்டிக்கர் வேறு ஒட்டி, அது ஒரு பக்கம் உரிந்து, பாதிக்கு மேல் ஓடவில்லை. டிவி ஸ்டாண்டில் ஜன்னல் வெயில் படும் இடத்தில் இருந்ததாம். எழுதக்கூடிய டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதை வெளுக்க வைக்கும். டிவிடி போட்டுவிட்டால் காலத்துக்கும் இருக்கும் என்று நம்பிய குடும்பம் அது. நல்லவேளை, கேசட்டைத் தூக்கிப் போடவில்லை.

பூசணம்

ஆறில் மூன்றில் பூசணம் இருந்தது, கல்யாணத்தின் இரண்டு கேசட்டுகளும் அதில் சேர்த்தி. மலையில் மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காபிக்கொட்டை மூட்டையையே உலர்வாகக் காப்பாற்றுவது கஷ்டம் என்னும்போது கேசட் எம்மாத்திரம்.

முதல் வேலை உலர்த்துவது. இறுக்கமாக மூடும் டப்பாவில், புதுப்பையோடு வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறையப் போட்டு, கேசட்டுகளை நிற்கவைத்துச் சில வாரம் விட்டேன். ஈரம் போனால் பூசணம் பரவுவது நின்று பொடியாகிவிடும், துடைத்தால் வந்துவிடும். ஈரத்தோடு துடைத்தால் டேப்பில் இழுகும். அவசரப்பட்டு வெயிலில் வைப்பதோ, அடுப்பு ஓவனில் வைப்பதோ கூடவே கூடாது. ஒட்டும் தன்மை கண்ட ஸ்டுடியோ டேப்புகளை அளவான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கும் முறை ஒன்று உண்டுதான். அதற்கென்று சூட்டை நிலையாகப் பிடிக்கும் கருவி வேண்டும், அது இந்த நோய்க்கான மருந்தும் கிடையாது.

துடைக்கும் வேலையை மொட்டை மாடியில், என்95 முகக்கவசத்தோடுதான் செய்வேன். பூசணத் தூள் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, மற்றவர்களுக்கும் நல்லதில்லை. விஎச்எஸ் கேசட்டின் கூடு ஐந்து திருகாணியில் நிற்கிறது. அடியிலிருந்து கழற்றி, எந்த வழியாக டேப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு ரீலையும் தூக்கிச் சுத்தமான வேறு கூட்டுக்கு மாற்றினேன். பழைய கூட்டின் மூலைகளிலெல்லாம் பூசணம் இருக்கும், அதைக் கழுவிக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது மேல். ஆனால் லேபிள் ஒட்டிய பழைய மூடியைத் தூக்கிப் போடவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா, அந்த ரைட்டர், பச்சை மையில், எஸ்டேட் பதிவேடு எழுதும் அதே கையெழுத்தில் தேதி போட்டிருந்தார்.

டேப்பைத் துடைக்க நான் டெக்கைத் தொடுவதில்லை. வீடியோ லைப்ரரி காலத்தில் வாடகைக் கேசட்டைச் சுற்றித் திருப்புவதற்கென்றே தனியாக ஒரு ரீவைண்டர் பெட்டி இருந்தது, ஞாபகம் இருக்கும். அதில் ஹெட் கிடையாது, வெறும் சுற்று மட்டும்தான். அதன் வேகத்தை நன்றாகக் குறைத்து, டேப் போகும் வழியில் நூல் பிரியாத மெல்லிய துணியை இரண்டு பக்கமும் லேசாகப் பிடித்தபடி ஓட விட்டேன். 180 நிமிடக் கேசட்டில் டேப்பின் நீளம் சுமார் 258 மீட்டர். அரை அங்குல அகலம், அவ்வளவு நீளம், துணி கறுத்துப் போகப் போக இடம் மாற்றி மாற்றி. கல்யாணத்தின் முதல் கேசட்டில் நடுவில் ஓர் இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு நின்றது. மோட்டாரை நிறுத்திவிட்டு ரீலை விரலால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பித்தான் விடுவித்தேன். அங்கே காந்தப் பூச்சு கொஞ்சம் உரிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிக்குத்து போலப் புள்ளிகள் தெரிந்தன. எந்த இடம் என்று குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் அந்தக் குறிப்பு உதவியது.

மற்ற கேசட்டுகளின் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் டேப் தொடக்கத்திலேயே, ரீலோடு சேரும் இடத்தில் கழன்றிருந்தது, திரும்பச் செருகினால் முடிந்தது. இன்னொன்றில் கீழ் விளிம்பு கொஞ்ச தூரம் கசங்கியிருந்தது. விஎச்எஸ்ஸில் கீழ் விளிம்பில்தான் டேப்பின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடம் இருக்கிறது. அது கெட்டால் படம் கிழிந்து புள்ளி புள்ளியாகப் போகும், அந்தச் சில நொடிகளை அப்படியே விட்டுவிட்டேன். டேப்பை வெட்டி ஒட்டுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். ஸ்டேஷனரிக் கடை செலோ டேப்பை யாரும் அதற்குப் பயன்படுத்த வேண்டாம். சூட்டில் அதன் பசை ஒழுகி ஹெட்டில் போய் உட்காரும்.

பாட்டு நின்ற இடம்

இனி முக்கியமான விஷயம்.

கல்யாணத்தைப் படம் பிடித்தவர் ஸ்டுடியோக்காரர் இல்லை, பெண்ணின் சித்தப்பா. துபாயிலிருந்து லீவில் வந்தவர், தோளில் வைக்கும் பெரிய விஎச்எஸ் கேமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வளைகுடாவிலும் நம் ஊரிலும் டிவிக்கு ஒரே பால் (PAL) முறைதான், அதனால் அங்கே வாங்கிய கேமரா இங்கே சிக்கலில்லாமல் ஓடியது. கல்யாணம் முடிந்ததும், அந்தக் கேசட்டையே சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, “பாட்டு போட்டு” வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாட்டு இல்லாத கல்யாண கேசட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டு, நலங்குக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு என்று சினிமாப் பாட்டாக ஏற்றித் தந்துவிட்டார்கள். முப்பது வருஷமாக அந்தக் குடும்பம் பார்த்தது, கேட்டது அதைத்தான். ஏற்காட்டு வீட்டில் இருந்தது ஒரு ஸ்பீக்கர் ஒலி மட்டும் தரும் சாதாரண டெக். டிவிடி போட்டுக் கொடுத்த கடையிலும் அதே ரகம்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் ஓட விட்டது ஜேவிசியின் எஸ்-விஎச்எஸ் என்ற தரம் கூடிய டெக்கில். போட்டதும் முன்பக்க டிஸ்பிளேயில் ஹைஃபை என்ற எழுத்து எரிந்தது. ஸ்பீக்கரில் மண்டபத்தின் இரைச்சல். நாற்காலி இழுக்கும் சத்தம், “ஐயரே, அந்தத் தட்டை இப்படி நகர்த்துங்க” என்று ஒரு குரல், பின்னால் தவில். தெளிவாக, இடமும் வலமும் பிரிந்து. சில நிமிடத்தில் எழுத்து ஒருமுறை மின்னி அணைந்தது. அடுத்த நொடி ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தோடு சினிமாப் பாட்டு. எழுத்து மறுபடி எரிந்ததும் பாட்டு நின்று மண்டபம் திரும்ப வந்தது.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விஎச்எஸ் டேப்பில் ஒலி இரண்டு இடத்தில் இருக்க முடியும். முதலாவது, மேல் விளிம்பில் ஓடும் ஒல்லியான தடம். இதை அசையாத ஒரு ஹெட் படிக்கிறது. பால் டெக்கில் டேப் நகரும் வேகம் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர். பாட்டுக் கேசட் நொடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடும், அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் பழைய வீடியோக்களின் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கலாக இருக்கும். 1980களின் நடுவில் ஹைஃபை என்ற இரண்டாவது வழி வந்தது. இதில் ஒலியைப் பதியும் ஹெட்டும் படத்தின் ஹெட்டுகளோடு அதே டிரம்மில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. டேப்பின் காந்தப் பூச்சில் ஒலியை முதலில் ஆழமாகப் பதிந்து, உடனே அதன் மேலேயே வேறு சாய்வில் படத்தைப் பதிகிறது. ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல்.

இதனால் ஒரு பெரிய பலன். படத்தை அழிக்காமல் ஹைஃபை ஒலியை மட்டும் மாற்ற முடியாது. பதிந்த கேசட்டில் ‘ஆடியோ டப்’ பொத்தானை அழுத்திப் பாட்டு ஏற்றினால், மாறுவது மேல் விளிம்புத் தடம் மட்டும்தான். அடியில் இருக்கும் ஹைஃபை ஒலி தொடப்படாமல் அப்படியே இருக்கும். சித்தப்பாவின் கேமரா ஹைஃபை கேமரா. ஸ்டுடியோவில் வேறு கேசட்டுக்குக் காப்பி எடுக்காமல், மூல கேசட்டிலேயே ஆடியோ டப் செய்திருக்கிறார்கள். வேறு கேசட்டுக்கு மிக்ஸிங் செய்து கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. பெரும்பாலான கல்யாண ஸ்டுடியோக்கள் அப்படித்தான் செய்தன, அந்தக் கேசட்டுகளில் பாட்டு மட்டும்தான் இருக்கும். ஆனால் சொந்தக்காரர்கள் வெளிநாட்டுக் கேமராவில் எடுத்து, பிறகு பாட்டு ஏற்றிய கேசட் என்றால், ஹைஃபை டெக்கில் ஒருமுறை போட்டுக் கேட்காமல் விடவே கூடாது.

ஹைஃபை ஒலி பிடிவாதம் பிடிக்கும். டிராக்கிங், அதாவது டேப்பின் தடத்தோடு ஹெட் பொருந்துவது, கொஞ்சம் தப்பினால் கரகரவென்று இரையும், இன்னும் தப்பினால் டெக் தானாக மேல் தடத்துக்குத் தாவிவிடும். அந்தத் தாவல்தான் நடுவில் பாட்டாக வந்தது. படம் நன்றாகத் தெரியும் டிராக்கிங்கும், ஹைஃபை நன்றாகக் கேட்கும் டிராக்கிங்கும் இந்தக் கேசட்டில் ஒன்றாக இல்லை. சித்தப்பாவின் கேமரா ஹெட்டும் என் டெக்கின் ஹெட்டும் ஒத்துப்போக வேண்டுமே. தானியங்கி டிராக்கிங்கை நிறுத்தி, ஒலியை முன்வைத்துக் கையால் சரிசெய்தேன். படத்தின் அடியில் லேசான கோடு வந்தது, பரவாயில்லை. படத்துக்காக ஓர் ஓட்டம், பிறகு டெக்கின் ஒலித் தேர்வை ‘நார்மல்’ என்று மாற்றிப் பாட்டுத் தடத்துக்காக இன்னோர் ஓட்டம், நலங்கு வரும் பகுதிக்கு மட்டும் ஒலியை நினைத்துத் தனியாக ஓர் ஓட்டம்.

வெவ்வேறு ஓட்டங்களில் எடுத்த ஒலியைப் படத்தோடு பொருத்த ஒரு நல்ல வழி கிடைத்தது. கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபரின் பிளாஷ். ஒவ்வொரு முறை அவர் கிளிக் செய்யும்போதும் திரையில் ஒரு கணம் மட்டும் வெள்ளை அடிக்கும். எல்லா ஓட்டத்திலும் படத்தையும் சேர்த்தே பதிந்திருந்ததால், பிளாஷுக்குப் பிளாஷ் வைத்துப் பொருத்தினேன். மணமேடையில் பிளாஷுக்குப் பஞ்சமே இல்லை.

நலங்கில் என்ன இருந்தது? பெண்ணின் அத்தை முதல் அடி எடுக்க, மலையிலிருந்து வந்த பெண்கள் கூடிப் பாடுகிறார்கள். சேலத்து மாப்பிள்ளைக்கு மலைக்குளிர் தாங்குமா, காபித் தோட்டத்து அட்டைக்குப் பயப்படுவாரா என்று கேலி. ஒரு கண்ணி முடிந்ததும் சிரிப்பு, மாப்பிள்ளை ஏதோ பதில் சொல்கிறார், அதற்கு இன்னொரு சிரிப்பு. அங்கேயே அந்த நேரத்தில் கட்டிய வரிகள் அவை. பாடிய அத்தை இப்போது இல்லை, வேறு யாரும் எழுதி வைக்கவும் இல்லை. டேப் ஒட்டிக்கொண்டு நின்ற இடம் இந்தப் பாட்டின் நடுவில்தான் வந்தது. அங்கே ஒரு கண்ணி போய்விட்டது. அந்த இடத்தில் சினிமாப் பாட்டு புகாதபடி வெட்டி, சத்தத்தை மெல்லத் தணித்து, மறுபடி மெல்லக் கூட்டிவிட்டேன். இல்லாததை இட்டு நிரப்பவில்லை.

மொய் வாசித்த பகுதியும் முழுசாக வந்தது. மைக்கில் ஒருவர் ஊர், பேர், தொகை என்று நீட்டி முழக்கி வாசிக்கிறார். மஞ்சக்குட்டை, வாழவந்தி, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஊர் ஊராக வருகிறது. யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன உறவு என்று கல்யாணப் பெண்ணான அந்த அம்மா கடையில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். “தம்பி, மொய் நோட்டு மழையில நனைஞ்சு போயிடுச்சு. இது போதும்” என்றார்.

டிஸ்க்கில் போட்டது

வீட்டில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. மகளுக்கும் அம்மாவுக்கும் மண்டப ஒலிதான் வேண்டும். அப்பாவுக்குப் பாட்டும் வேண்டும். “முப்பது வருஷமா அந்தப் பாட்டோட பார்த்ததுங்க. அது இல்லாம எனக்கு அது என் கல்யாணம் மாதிரியே இல்லை.” அவர் சொன்னதும் நியாயம்தான். ஒரு டிவிடியில் 8 ஒலித்தடம் வரை வைக்கலாம். முதல் தடத்தில் மண்டபம், இரண்டாம் தடத்தில் பாட்டு. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தினால் மாறும். தாலி கட்டும் இடத்தில் அப்பா பாட்டுக்கு மாற்றிக்கொள்கிறார், நலங்குக்கு மண்டபத்துக்கு வந்துவிடுகிறார் என்று மகள் சொன்னார்.

ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் போட்டால் நொடிக்கு 5 மெகாபிட் அளவுக்குக் கிடைக்கும், மூன்று மணி நேரத்தை அடக்கினால் மூன்றரைதான். விஎச்எஸ் படத்தில் எப்போதும் ஒரு பொடிப் புள்ளி ஆட்டம் இருக்கும், அதுவே பாதி இடத்தைத் தின்னும். அதனால் மூன்று மணி நேரக் கேசட்டை இரண்டு டிஸ்க்காகப் பிரித்தேன். வாடிக்கையாளர் ஒரு டிஸ்க் போதும் என்று கேட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பென் டிரைவுக்கு மாற்றுவதில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. விஎச்எஸ் படம் நொடிக்கு 25 முழுப்படமாக இல்லாமல், 50 அரைப்படமாகப் பதிவாகியிருக்கிறது. டிவிடி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், எந்த அரைப்படம் முதலில் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். தப்பாகச் சொன்னால் கை அசைவெல்லாம் உதறும். எம்பி4 ஆக்கும்போது 25 படமாகச் சுருக்கினால் அசைவில் பாதி போய்விடும், நாதஸ்வரக்காரர் விரல்கள் தாவித் தாவிப் போகும். 50 படமாக மாற்ற வேண்டும். அகலத்திரை டிவிக்காகப் படத்தை இழுக்கவும் கூடாது. இழுத்தால் மணப்பெண் குட்டையாகித் தெரிவார். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். படத்தின் கீழ் ஓரத்தில் துடிக்கும் சில வரிகள் பழைய டிவியில் சட்டத்துக்குள் மறைந்துவிடும், புது டிவியில் தெரியும். அவற்றைக் கறுப்பால் மூடினேன். வீடியோ லைட்டில் அரக்குப் பட்டு வழிந்து நிற்பதைத் திருத்தவில்லை. அந்தக் காலத்து டேப் அவ்வளவுதான் பிடிக்கும்.

டிஸ்க்கைக் குறைந்த வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, ஸ்டிக்கர் ஒட்டாமல் நடு வளையத்தில் பேனாவால் பேர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு படி. அதைவிட முக்கியம், தகவல் எதையும் இழக்காமல் எடுத்த மூலப்பதிவு. ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் எஃப்எஃப்வி1 வகையில், மணி நேரத்துக்கு 30 ஜிபி அளவில் வந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்று சேலத்து வீட்டிலும் ஒன்று ஓசூரில் இருக்கும் மாமா வீட்டிலும் இருக்க ஏற்பாடு. மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஊர் இது. இன்று ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்றே யோசிக்காவிட்டால் என்ன மிஞ்சும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோன்றும்.

கிடைக்காதவை

பேத்தியின் முதல் பிறந்தநாள் கேசட் என்று லேபிள் போட்ட ஒன்றில், 1996 உலகக் கோப்பைக் காலிறுதி, பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய ஆட்டம் இருந்தது. பிறந்தநாள் ஜனவரியில், ஆட்டம் மார்ச் 9. கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தால் மேலே பதிய முடிந்திருக்காது, உடைக்கவில்லை. “அடியில இருக்குமாண்ணா, அந்தப் பாட்டு மாதிரி?” என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை. புதிதாகப் பதியும்போது டெக்கின் அழிக்கும் ஹெட் டேப்பின் முழு அகலத்தையும் துடைத்துவிட்டுத்தான் பதிகிறது. படம், இரண்டு ஒலியும், எல்லாமே போய்விடும். ஆட்டம் முடிந்த பிறகு கடைசியில் நாலு நிமிடம் மிச்சமிருந்தது. கேக் வெட்டி முடிந்து, தட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், குழந்தை தாத்தா மடியில் பலூனைக் கடிக்கிறது. அதைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

8 எம்எம் கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சின்ன விஎச்எஸ்-சி கேசட்டை ஓர் அடாப்டரில் வைத்துச் சாதாரண டெக்கில் போடலாம் என்பதால், இதையும் அப்படிப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. இதன் டேப் அகலமே வேறு, இதற்கான கேமராவோ டெக்கோதான் வேண்டும். 1999 முதல் வந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய 8 எம்எம்மையும் ஓட்டி நேராக டிஜிட்டலாக வெளியே தரும், எல்லா மாடலும் தராது. கையில் இருக்கும் கேமராவின் ரப்பர் உருளை கெட்டித்துப்போயிருக்கிறது, அதில் இந்தக் கேசட்டைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் ஓடும் டிஜிட்டல்8 கேமரா இருந்தால், விலைக்கோ வாடகைக்கோ கொடுக்கலாம். முதலில் வேறொரு வெற்றுக் கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்து, டேப்பைக் கசக்காமல் இருந்தால்தான் வாங்கிக்கொள்வேன்.